சிறு ஆன்லைன் கடைக்காரர்களுக்கு: பிக்கப், டெலிவரி பாதையை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கோவையில் இருந்துகொண்டு திருப்பூர் பனியன், ஆயத்த ஆடைகளை இணையத்தில் விற்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டி), ஒன்றிரண்டு பைக், நாளுக்கு முப்பது முதல் எண்பது ஆர்டர். இந்த அளவில் இருப்பவர்களுக்கு வழி சொல்ல ஆள் கிடைப்பதில்லை. பெரிய நிறுவனங்களுக்கான மென்பொருள் விளம்பரங்கள் மட்டும்தான் கண்ணில் படும். இதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு அதிகம். அது உங்களுக்கு வேண்டாம். வேறு ஊரில் இருந்தாலும் சாலைப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி கிளம்பிய பிறகு மிச்சம் பிடிக்கக்கூடியது கொஞ்சம். கிளம்புவதற்கு முந்தைய மாலை, ஆர்டர் ஷீட்டின் முன் உட்கார்ந்து மிச்சம் பிடிப்பதுதான் நிறைய. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதனால்தான் இப்படி.

1. முகவரியைச் சுத்தம் செய்யுங்கள்

டெலிவரி பையன் சுற்றி அலைவதற்குப் பெரும்பாலும் காரணம் சாலை அல்ல, முகவரி. 'மாரியம்மன் கோயில் அருகில்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த மாரியம்மன் கோயில்? ஆர்டர் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: வீட்டு எண்ணும் தெருவும், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், லொகேஷன் பின்.

லொகேஷன் கேட்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு 'தற்போதைய இடம்' என்பதை அழுத்தி அனுப்பிவிடுவார்கள். வீட்டு முகவரி வடவள்ளியில் இருக்கும், லொகேஷன் பின் சரவணம்பட்டியில் வந்து நிற்கும். அதனால் 'வீட்டில் இருக்கும்போது அனுப்புங்கள்' என்று செய்தியிலேயே எழுதுங்கள். வந்த லொகேஷனைப் பின்கோடோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 641002 என்றால் ஆர்.எஸ்.புரம், 641004 பீளமேடு, 641035 சரவணம்பட்டி. லொகேஷனும் பின்கோடும் ஒத்துவராத ஆர்டரை அன்றைய வண்டியில் ஏற்றாதீர்கள். ஒரு போன் போட்டுச் சரிசெய்த பிறகு ஏற்றுங்கள். முதல் மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்துப் பிரிப்பதும் உதவாது. 641 என்பது கோவைக்கும் உண்டு, திருப்பூர் நகரத்துக்கும் உண்டு.

அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின் ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரம் வரை இடத்தைச் சுட்டும் பத்து எழுத்துக் குறியீடு. யாராவது அனுப்பினால் வாங்கி வையுங்கள். ஆனால் வாடிக்கையாளரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டியதில்லை, வாட்ஸ்அப் லொகேஷன் போதும்.

ஷீட்டில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம்: போன் எண், பின்கோடு இரண்டு பத்தியையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். +91 சேர்த்து ஒட்டிய எண்ணை எக்செல் தன் போக்கில் புள்ளி வைத்த பெரிய எண்ணாக்கிவிடும். வாசலில் நின்று போன் போடப் பார்க்கும்போதுதான் தெரியும்.

2. ஒரு வாரம் நேரத்தை எழுதுங்கள்

பாதையை மாற்றும் முன் ஒரு வாரம் இப்போது நடப்பதை அப்படியே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வண்டி நின்ற நேரம், மீண்டும் கிளம்பிய நேரம். அவ்வளவுதான். தாளில் எழுதினாலும் சரி, வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொன்னாலும் சரி.

எல்லோரும் கிலோமீட்டரைக் குறைக்கவே பார்ப்பார்கள். ஊருக்குள் டெலிவரியில் நிற்கும் நேரம்தான் பெரிது. ஒரு வாசலுக்கு நான்கு நிமிடம் என்றால் நாற்பது வாசலுக்கு 160 நிமிடம், இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாசலுக்கு ஒரு நிமிடம் குறைத்தால் நாற்பது நிமிடம் கையில் வரும். எந்தப் பாதை மாற்றமும் இவ்வளவு சுலபமாக அதைத் தராது.

எப்படிக் குறைப்பது? கிளம்பும் முன்பே 'இன்று 11-லிருந்து 1 மணிக்குள் வருகிறோம்' என்று செய்தி அனுப்புங்கள். சிஓடி (பொருளை வாங்கும்போது பணம்) ஆர்டருக்குத் தொகையோடு யூபிஐ லிங்க்கை முன்னாலேயே அனுப்பிவிட்டால் வாசலில் சில்லறை தேடும் வேலை இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கேட் அனுமதியை முன்கூட்டியே போட்டுவைக்கச் சொல்லுங்கள். பார்சல் மேல் ஸ்டாப் எண்ணைத் தடித்த மார்க்கரில் எழுதுங்கள். மூட்டைக்குள் கைவிட்டுத் தேடும் நேரம் மிச்சம்.

3. பின்கோடு வாரியாக அல்ல, சாலை வாரியாகப் பிரியுங்கள்

கோவையின் அமைப்பு இதற்குத் தோதானது. அவினாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, பொள்ளாச்சி ரோடு, தடாகம் ரோடு, மருதமலை ரோடு எல்லாம் நகர நடுவிலிருந்து பிரிந்து வெளியே போகின்றன. ஒரு சாலையில் போய், குறுக்குச் சாலையில் தாண்டி, பக்கத்துச் சாலையில் திரும்புங்கள். போன வழியே வெறும் வண்டியாகத் திரும்பும் நிலை இருக்காது.

நான் வைத்திருக்கும் சுற்றுகள்:

அவினாசி ரோட்டில் பீளமேடு வழியாகப் போய், ஹோப் காலேஜில் காமராஜர் ரோட்டில் திரும்பி, சிங்காநல்லூர் வந்து, திருச்சி ரோட்டில் ராமநாதபுரம் வழியாகத் திரும்புவது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூர் வரை போய், அங்கிருந்து சரவணம்பட்டிக்குக் குறுக்கே வெட்டி, சத்தி ரோட்டில் கணபதி வழியாக ஊருக்குள் வருவது.

மருதமலை ரோட்டில் வடவள்ளி, அங்கிருந்து இடையர்பாளையம், தடாகம் ரோட்டில் திரும்புவது.

தெற்கே உக்கடம் தாண்டி குனியமுத்தூர், சுந்தராபுரம், போத்தனூர் பகுதியைத் தனியாக வைத்திருக்கிறேன். அங்கே ஆர்டர் குறைவாக இருந்தால் தினமும் வண்டி விட வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் என்று நிர்ணயித்து, ஆர்டர் போடும்போதே வாடிக்கையாளருக்கு நாளைச் சொல்லிவிடுங்கள். 'நாளையே வரும்' என்று சொல்லிவிட்டுத் தாமதிப்பதைவிட 'வியாழக்கிழமை வரும்' என்று சொல்லி வியாழக்கிழமை கொடுப்பதையே மக்கள் விரும்புகிறார்கள்.

4. சுற்றுக்குள் வரிசை

இதற்குக் கணக்குப் பேராசிரியர் தேவையில்லை. கூகுள் மை மேப்ஸில் ஷீட்டை ஏற்றுங்கள். ஒரு லேயரில் 2,000 வரி வரை எடுத்துக்கொள்ளும், காசு கிடையாது. புள்ளிகள் வரைபடத்தில் விழுந்ததும் வரிசையைக் கோடாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடு இன்னொரு கோட்டை எங்கே வெட்டுகிறதோ, பெரும்பாலும் அங்கே வீண் அலைச்சல் இருக்கிறது. அந்த இரண்டு துண்டுகளுக்கு இடையில் உள்ள ஸ்டாப்புகளின் வரிசையைத் திருப்பிப் போட்டால் வெட்டு அவிழ்ந்துவிடும். ஒரு வாரம் பழகினால் கால் மணி நேர வேலை.

அந்த வரைபடத்தை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து வைக்காதீர்கள். அதில் இருப்பது மக்களின் வீடும் போன் எண்ணும். ஓட்டுநரின் கணக்குக்கு மட்டும் பகிருங்கள், டெலிவரி முடிந்த பழைய லேயர்களை அழித்துவிடுங்கள். இதில் நான் கறாராக இருக்கிறேன், நீங்களும் இருக்க வேண்டும்.

வரைபடம் காட்டாத சில விஷயங்களை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் போகும்போது இடது பக்க வீடுகளை முடியுங்கள், எதிர்ப்பக்க வீடுகளைத் திரும்பும்போது வையுங்கள். நேர்க்கோட்டில் இருபது மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் தாண்டித்தான் யூ டர்ன் இருக்கும்.

அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு மேல் சாலையும் கீழ்ச் சாலையும் ஒரே கோடுதான். பீளமேட்டில் இறங்க வேண்டிய வண்டி பாலத்தில் ஏறிவிட்டால் அடுத்த இறங்குதளம் வரை போய்த்தான் ஆக வேண்டும். அந்தச் சுற்றின் தாளில் 'கீழ் ரோடு' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். உக்கடம் மேம்பாலத்துக்கும் இதே கதைதான்.

நேர வரம்பு உள்ள ஸ்டாப்புகளை முதலில் ஆணி அடித்து வையுங்கள்: சரவணம்பட்டி ஐடி நிறுவனங்களில் பார்சல் வாங்கும் நேரம், காலை பத்தரைக்குத்தான் திறக்கும் கடைகள், மதியம் தூங்கும் பெரியவர்கள் இருக்கும் வீடுகள். மற்றவற்றை இடையில் நிரப்புங்கள். சரக்கு வண்டிகளுக்கு ஊருக்குள் நுழையத் தடை உள்ள நேரங்களைப் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாறும்.

ஏற்றுவது தலைகீழ் வரிசையில். கடைசி ஸ்டாப் பார்சல் முதலில் உள்ளே போக வேண்டும்.

5. பிக்கப்பை டெலிவரியோடு சேர்ப்பது

துணி வியாபாரத்தில் டெலிவரியைவிடத் தலைவலி பிக்கப்தான். தையல் ஒரு யூனிட், காஜா பட்டன் இன்னொரு இடம், அயர்னிங், பேக்கிங் வேறு இடம். திருப்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர் போய் 'சாயந்திரம் வாங்க' என்ற பதிலோடு திரும்பினால் அன்றைய லாபம் போயிற்று.

திருப்பூருக்கு நாள் குறியுங்கள். எனக்குச் செவ்வாயும் வெள்ளியும். முந்தைய நாள் மாலை ஒவ்வொரு யூனிட்டிடமும் பீஸ் எண்ணிக்கை கேளுங்கள். 'ரெடியாயிடும்' என்ற பதிலை வைத்து வண்டி விடாதீர்கள். கட்டிய பண்டலும் எழுதிய சலானும் சேர்ந்த போட்டோ வந்தால்தான் அந்த யூனிட் பட்டியலில் ஏறும். வராவிட்டால் அடுத்த ஓட்டத்துக்கு. முதலில் முகம் சுளிப்பார்கள். உங்கள் வண்டி சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருகிறது என்று தெரிந்ததும் அவர்களே முந்திக்கொண்டு போட்டோ அனுப்புவார்கள். போகும்போதும் வெறுமனே போகாதீர்கள்: ஆல்டர் செய்ய வேண்டிய பீஸ், பாலி கவர், லேபிள், அவினாசி வழியில் உள்ள டெலிவரிகள் எல்லாம் அந்த வண்டியில் போகலாம்.

இடையில் பிக்கப் இருக்கும் சுற்றில் ஒரு கணக்கு பலருக்கும் தப்பிவிடுகிறது. வண்டியில் 40 பெட்டி பிடிக்கும் என்று வையுங்கள். காலையில் 30 பெட்டியோடு கிளம்புகிறது, மாலையில் 25 பெட்டியோடு திரும்புகிறது. இரண்டும் நாற்பதுக்குள்தான். ஆனால் பத்து டெலிவரி முடிந்து 20 மிச்சம் இருக்கும்போது அந்த 25-ஐ ஏற்றினால் 45. இடம் இல்லை. அதனால் கிளம்பும்போதும் திரும்பும்போதும் மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு ஸ்டாப்புக்குப் பிறகும் வண்டியில் எவ்வளவு இருக்கும் என்று ஒரு பத்தி போட்டுக் கூட்டிக் கழியுங்கள். தாண்டும் இடம் தெரிந்தால் அந்தப் பிக்கப்பை ஐந்து ஸ்டாப் பின்னால் தள்ளினால் போதும்.

வாடிக்கையாளர் திருப்பித் தரும் பொருளுக்கும் இதே சுற்றுதான். அதற்கென்று தனியாக வண்டி விடாமல், அந்தத் தெருவுக்கு அடுத்து எப்போது போகிறோமோ அன்று எடுத்து வருவதாகச் சொல்லுங்கள். வாசலிலேயே டேக் இருக்கிறதா, சைஸ் சரியா என்று பார்த்துப் போட்டோ எடுத்த பிறகே வாங்க வேண்டும்.

6. ஆவணங்கள்

வண்டிக்கு: ஆர்சி, இன்சூரன்ஸ், மாசுச் சான்று, தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம். டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருந்தால் செல்லும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனி பர்மிட் தேவையில்லை. குட்டி யானை இதில் அடங்கும். எல்எம்வி (இலகு ரக வாகன) உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. 'பேட்ஜ் இல்லை' என்று யாராவது மிரட்டினால் இது நினைவில் இருக்கட்டும்.

சொந்த பைக்கை டெலிவரிக்கு விடுகிறீர்கள் என்றால், அந்தப் பயன்பாட்டுக்குப் பாலிசி பொருந்துமா என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு விபத்து நாளில் உதவாது.

சரக்குக்கு: விற்ற பொருளுக்கு இன்வாய்ஸ். ஜாப் ஒர்க்குக்கு (வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்யும் வேலைக்கு) போய்வரும் துணிக்கு டெலிவரி சலான், மூன்று பிரதி; ஒன்று பெறுபவருக்கு, ஒன்று வண்டிக்கு, ஒன்று அனுப்புபவருக்கு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கும் இ-வே பில் (ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சரக்குப் பயணச் சீட்டு) வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடியாகும். பாலக்காடு பக்கம்தானே என்று நினைக்காதீர்கள். வாளையாறு தாண்டினால் வேறு மாநிலம். வண்டியை மாற்றினால் அந்தப் பில்லின் பார்ட் பி-யில் புது வண்டி எண்ணைப் போட வேண்டும், இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆவணம் இல்லாமல் பிடிபட்டால், வரி கட்ட வேண்டிய பொருளுக்கு அபராதம் வரித்தொகையின் 200 சதவீதம்.

சிங்காநல்லூரில் சொந்தக்காரர் வீட்டு முன்னறையில் சரக்கு வைத்து அங்கிருந்து பைக்கில் கொடுக்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் அந்த இடத்தை ஜிஎஸ்டி பதிவில் 'கூடுதல் வணிக இடம்' என்று சேர்த்த பிறகு செய்யுங்கள். வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், அந்த இடத்தின் ஈபி பில் அல்லது சொத்து வரி ரசீது கையில் இருக்கட்டும்.

7. செலவைச் சரியாகக் கணக்கிடுங்கள்

ஒரு நாள் வண்டிச் செலவு என்பது டீசல், ஓட்டுநர் சம்பளம், வண்டித் தவணையின் ஒரு நாள் பங்கு, இன்சூரன்ஸின் ஒரு நாள் பங்கு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது. எடுத்துக்காட்டாக 1,800 ரூபாய் என்று வைப்போம். 45 பார்சல் ஏற்றினால் ஒன்றுக்கு 40 ரூபாய் என்று தோன்றும். உண்மையில் 36 தான் கைமாறியது என்றால் ஒன்றுக்கு 50 ரூபாய். அந்த ஒன்பதும் நாளை மறுபடி செலவு வைக்கும். எப்போதும் கைமாறிய எண்ணிக்கையால் வகுங்கள். சுற்று வாரியாக வகுத்துப் பார்த்தால் எந்தச் சுற்று உங்களைக் கடிக்கிறது என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

8. எதைக் கூரியரிடம் விடுவது

மேலே வந்த எண்ணைக் கூரியரின் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். கட்டண அட்டையில் முதல் வரியோடு நிற்காதீர்கள். எரிபொருள் சர்சார்ஜ், சிஓடி கட்டணம், பார்சல் திரும்பி வந்தால் ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின்) கட்டணம், ஒதுக்குப்புறப் பகுதிக்கான கூடுதல், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு பார்சலுக்கு எவ்வளவு என்று போடுங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சிஓடி பணம் எத்தனை நாளில் உங்கள் கணக்குக்கு வரும் என்பதையும் கேளுங்கள். சிறு கடைக்கு அதுதான் மூச்சு.

பெட்டி அளவில் நிறையப் பணம் போகிறது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோ எடையாக எடுப்பது கூரியர்களின் வழக்கமான கணக்கு. 30, 25, 10 அளவுள்ள அட்டைப் பெட்டி 7,500, அதாவது ஒன்றரைக் கிலோ. உள்ளே இருப்பது 400 கிராம் சட்டையாக இருந்தாலும் ஒன்றரைக் கிலோவுக்குத்தான் பில் வரும். அதே சட்டையைக் கவரில் போட்டு உயரத்தை மூன்று சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 450 கிராம், அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். தராசிலும் டேப்பிலும் வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எடை கூட என்று பில் வந்தால் மறுப்புத் தெரிவிக்கச் சில நாள்தான் தருவார்கள். போட்டோ இல்லாத மறுப்பு நிற்காது.

பிக்கப் எடுக்க வருபவர் 'ஹப்பில் போய் ஸ்கேன் பண்ணிக்கிறேன்' என்று மூட்டையோடு கிளம்பப் பார்ப்பார். உங்கள் வாசலிலேயே ஸ்கேன் ஆக வேண்டும், அல்லது மேனிஃபெஸ்டில் (பார்சல் பட்டியலில்) எண்ணிக்கையோடு கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் காணாமல் போன பார்சல் உங்களுடையதுதான். அவர் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக உங்கள் ஆர்டர் கட்ஆஃப்பை (அன்றைய ஆர்டர் ஏற்கும் கடைசி நேரத்தை) வையுங்கள்.

9. மென்பொருள்

ஒரு வண்டிக்குப் பத்து ஸ்டாப் என்றால் கூகுள் மேப்ஸே போதும், ஆனால் நீங்கள் கொடுத்த வரிசையில்தான் ஓட்டும். வரிசை போடுவது உங்கள் வேலை. மூன்று வண்டிக்கு மேல் போனால், நேர வரம்பும் பிக்கப்பும் கலந்தால், கையால் போடுவது சிரமம். வரிசையைக் கணக்குப் போட்டுத் தரும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் நிரல் தொகுப்பு இலவசம், ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் உங்கள் ஒரு வாரப் பழைய ஷீட்டைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் நேரத்தையும் வண்டிக் கொள்ளளவையும் கேட்காத மென்பொருள் உங்களுக்கு ஆகாது.

10. ஓட்டுபவர்

வரிசையை எழுதியதும் ஓட்டுநரிடம் காட்டுங்கள். எந்தத் தெருவில் சாக்கடை தோண்டியிருக்கிறார்கள், எந்த ரயில்வே கேட் எப்போது மூடும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் மாற்றச் சொன்னால் காரணத்தையும் ஷீட்டில் எழுதுங்கள். அவர் விடுப்பில் போகும் நாளில் புதியவருக்கு அதுதான் துணை. சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் சுற்றிலேயே நேரம் ஒதுக்குங்கள், இடத்தையும் குறியுங்கள். வேகமாக முடித்தால் கூடுதல் பணம் என்று மட்டும் வைக்காதீர்கள். அந்தப் பணத்துக்காக ஒரு பையன் சிக்னலைத் தாண்டுவான். முதல் முறையிலேயே கைமாறிய பார்சலுக்கு ஊக்கத்தொகை கொடுங்கள்.

11. காலக்கணக்கு

இதையெல்லாம் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் நேரப் பதிவு, இரண்டாவது வாரம் முகவரிச் சுத்தம், மூன்றாவது வாரம் ஒரே ஒரு சுற்றில் புது வரிசை. அது ஓடிய பிறகு மற்ற சுற்றுகள்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். அப்போது திருப்பூர் யூனிட்டுகள் போனஸ், விடுமுறை என்று பரபரப்பில் இருக்கும், கூரியர் ஹப்புகள் நிரம்பி வழியும், ஐப்பசி மழை வேறு. ஆடித் தள்ளுபடி ஆர்டர்கள் தொடங்குவதற்கு முன்பே சுற்றுகளை முடிவு செய்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தீபாவளிக்குள் கிடைக்க வேண்டிய வெளியூர் ஆர்டர்களுக்குக் கடைசி நாளைக் கூரியர் சொல்லும் தேதியிலிருந்து நான்கு நாள் முன்னால் வைத்து, கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வருபவற்றில் உங்கள் வண்டி போகும் சுற்றுகளில் உள்ள வீடுகளை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.